பம்பு அறையில் இல்லாத கூகை

மருமகனுக்குச் சும்மா இருக்க வராது. கார் ஓட்டக் கற்றுத்தருகிற பிழைப்பு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்புக்காகவே காத்திருந்து பழகிப்போன மனுஷன். அன்று நல்ல குளிர், விடுமுறை வேறு. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கலாம். ஆனால் காலையில் வாசல் மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

வந்தவள் ஏரிக் காவலாளியின் மனைவி. தேடி வந்தது அவனை அல்ல, அவன் மாமியாரை. மாமியார் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்புகளை நேரில் போய் மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருட்டு, தீ, வெள்ளம் என்று எந்தப் பொய்யும் அவரிடம் நெடுநேரம் நின்றதில்லை.

நாற்காலி போட்டும் அந்தப் பெண் உட்காரவில்லை. ஏரியோரம் பழைய பம்பு அறையில் வெள்ளை முகக் கூகை ஒன்று வருஷக்கணக்காகக் குடியிருந்ததாம். அது போய்வரச் சுவரில் ஒரு பொந்து. கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சாவி அவள் கணவனிடம் மட்டும். இன்று பறவைச் சங்கத்தின் குளிர்காலக் கணக்கெடுப்பு. உறுப்பினர்களுக்குக் காட்டலாம் என்று செயலாளர் கதவைத் திறக்கச் சொன்னால், கூகையைக் காணோம். நேற்றுச் சாயங்காலம் காவலாளி அங்கிருந்து சாக்கு ஒன்றைத் தூக்கிப்போனதைப் பார்த்தேன் என்றாராம் ஒரு புகைப்படக்காரர். அதோடு, பறவையைப் பிடித்து விற்றவர் அவர்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். மதியம் விசாரிக்க வனத்துறை அதிகாரி வருகிறார்.

"சாக்குல இருந்தது கரையில பொறுக்கின குப்பைம்மா. யாரும் காதுல போட்டுக்கலை. வேலை போனா குடியிருக்கிற வீடும் போயிடும். அதைவிட, பறவையை வித்தவன்னு பேர் வந்தா அவர் தாங்க மாட்டார்."

மாமியார் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். மருமகன் அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றான்.

ஏரியில் பனி இன்னும் விலகவில்லை. வாத்துகள் அலகை முதுகுச் சிறகில் செருகியபடி மிதந்தன. அவற்றை எண்ண வந்தவர்களோ, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காவலாளியைப் பற்றிக் குசுகுசுத்துக் கொண்டிருந்தார்கள். அவர் தூரத்தில் மதகடியில் தனியாக நின்றார்.

எல்லோரும் 'லென்ஸ்' என்று கூப்பிடும் அந்தப் புகைப்படக்காரர் வலிய வந்து கைகுலுக்கினார். தான் வாத்துகளை மட்டுமே படம் எடுப்பவர், பம்பு அறைப் பக்கம் இந்தக் குளிர்காலத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தது இங்கிருந்தே கேமரா வழியாகத்தான் என்றார். கேட்காமலே ஊசிவால் வாத்தை வேறு காட்டித் தந்தார். நல்ல மனுஷன் என்று மருமகனுக்குத் தோன்றியது. அவர் கம்பளிச் சட்டையிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் இவன் கையில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் தச்சு வேலை போல என்று தட்டிவிட்டான்.

எதிர்க்கரையில் இடிந்த படகுக் கொட்டகையைச் சுற்றி ஒரே ரகளை. காக்கையும் மைனாவும் போட்ட கூச்சலில் மருமகனுக்குத் தலையே வலித்தது. மதியம் நெருங்க நெருங்க அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

காலையில் திறந்தபடியே கிடந்த பம்பு அறையின் தரை முழுக்கச் சாம்பல் நிற உருண்டைகள். மாமியார் கொண்டை ஊசியை எடுத்து ஒன்றைக் கிளறவும், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"எச்சம் இல்லை மாப்பிள்ளை. கூகை இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கிடும். அது என்ன சாப்பிட்டதுன்னு அதுவே எழுதிவச்ச மாதிரி."

அடியில் கிடந்த காய்ந்த உருண்டைகளில் பழுப்பு மயிர். மேலே கிடந்த புதியவற்றைப் பிரித்தார்; வெள்ளை மயிர். கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். செயலாளர்மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று மருமகன் சொன்னதற்கு, "இருக்கட்டும். பொருள் காணோம்னு புகார் வந்தா, அது நிஜமாவே காணோமான்னு முதல்ல பார்ப்பேன். இங்க அதை யாரும் தேடவே இல்லையே" என்றார்.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றபோது எல்லோரும் கரையில் கூடியிருந்தார்கள். மாமியார் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார்.

"வயல் எலி எதுவும் இப்படி வெள்ளையா இருக்காது. இது பிராணிகள் கடையில விக்கிற எலி. கூகை கடைக்குப் போகலை. யாரோ வாங்கிட்டு வந்து போட்டிருக்காங்க. அந்த எலியை மரச்சீவல் பரப்பின பெட்டியிலதான் வச்சிருப்பாங்க." அவர் பார்வை லென்ஸின் சட்டைக் கையில் நின்றது. "காவலாளி இருக்கிறவரைக்கும் பம்பு அறைகிட்ட யாரும் கேமராவோட நெருங்க முடியாது. அதனால தினம் சாயங்காலம் வேற இடத்துல எலியை விட்டுப் பழக்கினீங்க. முதல்ல சாப்பிட மட்டும் வந்தது. அப்புறம் அங்கேயே தங்கிடுச்சு."

"எங்கே தங்கிச்சாம்?" என்றார் லென்ஸ், சிரிக்க முயன்று.

"காக்கைக்கும் மைனாவுக்கும் பகல்ல கூகையைக் கண்டா ஆகாது. காலையிலேருந்து கத்திக் கத்திச் சொல்லிட்டிருக்குதுங்க."

தொலைநோக்கிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எதிர்க்கரைக்குத் திரும்பின. கொட்டகையின் உத்திரத்துக்கடியில், இருட்டில், வெள்ளையாக ஒரு முகம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"போட்டிக்கு அனுப்பணும்னுதான்..." லென்ஸ் தரையைப் பார்த்தார். "எல்லாரும் தேட ஆரம்பிச்சா அங்க வந்துடுவாங்க. படம் இன்னும் சரியா அமையலை."

"திருடு போச்சுன்னு சொல்லிட்டா யாரும் ஏரியில தேடமாட்டாங்க. அதுக்காக ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்தப் பார்த்தீங்க" என்றார் மாமியார். குரல் உயரவில்லை, மருமகனுக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதிகாரி லென்ஸைத் தனியே அழைத்துப் போனார். செயலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியது என்று மாமியாருக்கு நன்றி சொன்னார். காவலாளியின் மனைவியிடமும், மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

"என்கிட்ட ஏங்க சொல்றீங்க? அவர் அங்கதான நிக்கிறார்" என்றாள் அவள்.

மதகு வரைக்கும் முழங்கால் சேறு. செயலாளர் தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பிறகு இறங்கி நடந்தார். அந்த நடை முடிவதாகவே இல்லை. மருமகன் பக்கத்தில் நின்றவரின் தொலைநோக்கியை வாங்கி அவளிடம் கொடுத்தான்.

"என்னம்மா நடக்குது?" அவனால் பொறுக்க முடியவில்லை.

"செயலாளர் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றார்." அவள் தொலைநோக்கியை இறக்கினாள். "இவர் அழறாரு."

தொலைநோக்கியை மாமியார் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் சேற்றில் இறங்கி ஓடினாள்.