கழுத்துக்குள் ஒரு குண்டூசி

கமலாசனி பள்ளிக்கூடம் வராமல் மூன்று நாட்கள் ஆகிவிட்டன. முல்லைத்தீவில் மூன்று நாளும் மழை. வகுப்பறை வாங்கில் அவள் இருக்கும் இடத்தில் கூரை ஒழுகியது. பக்கத்தில் இருக்கும் ஹாலிதா அந்த ஈரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

திங்கட்கிழமை, இராசேஸ்வரி ரீச்சரின் அலுமாரியில் இருந்த ஈய ஒட்டகச்சிவிங்கி கழுத்து முறிந்து கிடந்தது. விரல் நீளப் பொம்மை, கப்பலில் வந்தது. அன்று அலுமாரி துடைத்தவள் கமலாசனி. ரீச்சர் எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார்.

முறித்தவள் ஹாலிதா. வாயைத் திறக்கப் பயந்து இருந்துவிட்டாள்.

ரீச்சர் குப்பையில் போட்ட இரண்டு துண்டுகளும் இப்போது அவளுடைய சட்டைப் பைக்குள் இருந்தன.

ஹாலிதாவின் வாப்பா மணிக்கூடு திருத்துபவர். அவர் வவுனியாவுக்குப் போயிருந்தார். அக்கா றம்லா அவருடைய ஆயுதப் பெட்டியைத் திறந்தாள்.

“பசை பூசினால் காணாதா ராத்தா?”

“தலை கனம். விழுந்திடும். உள்ளுக்கு எலும்பு மாதிரி ஒரு கம்பி நிக்க வேணும்.”

ஹாலிதா பெரிய துறப்பணத்தை எடுத்தாள்.

“அது கதவுக்கு ஓட்டை போடுறது, மொக்கு! கழுத்து அவ்வளவு மொத்தமோ?”

ஹாலிதா தையல் ஊசியால் குத்திப் பார்த்தாள். அது வழுக்கி அவளுடைய விரலில் ஏறியது. இரத்தத்தைச் சூப்பிக்கொண்டு யோசித்தாள்.

பிறகு, கூரான குத்தூசியால் ஈயத்தில் ஒரு சின்னப் பள்ளம் வைத்தாள். மணிக்கூட்டுக்குப் பாவிக்கும் மிக மெல்லிய துறப்பண ஊசியை அந்தப் பள்ளத்தில் வைத்து விரல்களால் உருட்டினாள். இம்முறை வழுக்கவில்லை. ஈயம் சுருள் சுருளாக வந்தது.

செம்புக் கம்பி வளைந்தது. குடைக்கம்பி மொத்தமாக இருந்தது, துளைக்குள் போகவில்லை. குண்டூசியின் தலையைக் குறட்டால் வெட்டிச் செருகினாள். சரியாக நின்றது.

மற்றத் துண்டில் எங்கே துளை போடுவது? செருகிய குண்டூசியின் நுனியில் விளக்குக் கரியைத் தடவி மற்றத் துண்டின்மேல் அழுத்தினாள். கரும்புள்ளி விழுந்தது. அந்த இடத்தில் துளைத்தாள்.

“கெட்டிக்காரிதான்,” என்றாள் றம்லா. “அதுசரி, எப்படியடி முறிஞ்சது?”

ஹாலிதா அரக்கை உருக்கி இரண்டு துண்டுகளையும் ஒட்டினாள்.

அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பொம்மையை அலுமாரியில் வைத்தாள். அன்றைக்கு கமலாசனியும் வந்தாள். தாய் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

ரீச்சர் அலுமாரியைத் திறந்தார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முகம் இளகியது.

“கமலாசனி, இஞ்ச வா. திருத்திக் கொண்டுவந்து வைச்சனியோ? நல்ல வேலை. நான் மன்னிச்சிட்டன்.”

“நான் திருத்தேல்லை ரீச்சர். முறிக்கவும் இல்லை.”

“திரும்பவும் பொய்யா? முறிக்காத ஆள் ஏன் திருத்தப் போகுது?”

கமலாசனி தலை குனிந்தாள். அவளுடைய கண்ணீர் மேசையில் விழுந்தது.

ஹாலிதா திருத்திய பொம்மையே கமலாசனிக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது.

அவள் எழுந்தாள்.

“திருத்தினது நான், ரீச்சர்.”

“நீயா? நீ ஏன்?”

மழை இரைந்தது. ஹாலிதா குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“அதுக்குத் தாகமா இருக்கும் எண்டு நினைச்சன். முன்னால நான் வைச்ச கோப்பைத் தண்ணிக்கு வாய் எட்டட்டும் எண்டு கழுத்தை வளைச்சனான். கமலாசனி தொடவே இல்லை, ரீச்சர். முறிச்சது நான்தான்.”