வலி வராத நாட்கள்

1939, ஐப்பசி. காலை ஏழு மணி.

கொல்லிமலையில், மலை ஊர்கள் சில சேர்ந்த வாழவந்தி நாட்டின் மேட்டு ஊர் ஒன்றில், சென்றாயன் களித்தட்டின் முன் உட்கார்ந்தான். முதல் உருண்டையை விழுங்கினான். இரண்டாவதை எடுக்கும் முன் பக்கவாட்டில் சரிந்தான். முழங்கால்களை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

“மருந்து வெச்சுட்டா,” என்றாள் அவன் தாய் கண்ணாயி. கத்தவில்லை. நெடுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதைப் போலச் சொன்னாள்.

மருமகள் சென்னம்மாள் களி கிண்டிய துடுப்போடு அடுப்பருகே நின்றாள். கண்ணாயி கூரைச் செருகலைத் துழாவித் துணி முடிச்சு ஒன்றை இழுத்தாள். உள்ளே காந்தள் கிழங்கு. தின்றால் ஆளைக் கொல்லும் கிழங்கு அது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

செய்தி பட்டக்காரர் கருப்பண்ணனுக்குப் போயிற்று. அந்த ஊருக்கு நியாயம் சொல்பவர் அவர். புருஷனுக்கு விஷம் வைத்தவளை உடுத்த துணியோடு நாட்டு எல்லைக்கு வெளியே விட்டுவிடுவார்கள். குழந்தை அப்பன் வீட்டில் நின்றுவிடும். சென்னம்மாளுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள்.

“பொழுது சாயக் கூட்டம்,” என்றார் பட்டக்காரர். “அதுக்கு முந்தி அம்மை குத்த வந்திருக்கற டாக்டரம்மா பாக்கட்டும்.”

ஒன்பது மணி.

டாக்டர் ராசாமணி ராசிபுரத்துக்காரி. முந்தின நாள்தான் டோலியில் மலையேறியிருந்தாள். உள்ளே வந்ததும் கண்ணாயியை வெளியே அனுப்பினாள்.

“உக்காருங்க.”

“நிக்கிறேனுங்க,” என்றான் சென்றாயன்.

“எங்க வலி?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “கீழங்க. ரெண்டு தொடைக்கும் நடுவுல. சூட்டுக்கோல் வெச்சாப்பல எரியும். அப்புறம் உள்ளுக்குள்ள சதை சுருட்டிப் புடிக்கும்.”

“எப்ப இருந்து?”

“ஆடியில இருந்துங்க.”

“வாந்தி? பேதி?”

“இல்லீங்க.”

“முடி கொட்டுச்சா?”

அவன் குடுமியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “இல்லீங்க.”

“ராத்திரி வலி எழுப்புமா?”

“படுத்தாத் தூங்கிருவனுங்க.”

“சரி. எப்ப வலிக்காது?”

இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. “நின்னா வலிக்காது. காட்டுல குத்த வெச்சுக் களை எடுத்தாலும் வலிக்காது. சோத்துக்கு உக்காந்தாப் போதுமுங்க, புடிச்சுக்கும்.” பிறகு அடுக்களைப் பக்கம் கையை நீட்டினான். “ஆவணியில இவ திருப்புலி நாட்டுக்கு, அவ அம்மா ஊட்டுக்குப் போயிருந்தா. மாசம் பூரா எங்கம்மாதான் ஆக்கிப் போட்டாங்க. அஞ்சாறு நாள்ல கொறஞ்சு, அப்புறம் வலியே இல்ல. இவ வந்தா, வலியும் வந்திருச்சு. இதுக்கு மேல என்னங்க சாட்சி?”

அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். வேட்டியின் மேலேயே, உட்காரும் எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினாள். அவன் துள்ளினான்.

“அதேதானுங்க.”

வேட்டியில், உள்தொடை படும் இடத்தில், கறுத்த பிசுக்கு. ராசாமணி நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை.

உச்சிப் பொழுது.

சென்னம்மாள் அடுக்களையில் மகளுக்குச் சாமைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் உலர்ந்திருந்தன. அழாத பெண்ணைப் பார்த்தால் மனம் ஓர் அடி பின்வாங்கிவிடுகிறது. ராசாமணியின் மனமும் பின்வாங்கியது. ‘இவள் செய்திருக்கலாம்’ என்று ஒரு கணம் நினைத்தாள். எந்தச் சான்றும் இல்லாமல் அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்று பார்த்து, அவளுக்கே கூசியது.

“காந்தள் கிழங்கு எதுக்கு?”

“அரைச்சுப் பத்துப் போடறதுக்குங்க. அவரு படற பாட்டப் பாக்க முடியல. இடுப்புல பூசலாம்னு எங்கூர்ல சொன்னாங்க. திங்கக் கூடாதுன்னு எம் பொண்ணுக்குக்கூடத் தெரியும்.”

“ஏன் ஒளிச்சு வெச்சீங்க?”

“பூசவே உட மாட்டேன்னுட்டாரு. ஏங் கை மேல படக்கூடாதாம்.”

“களி யாரெல்லாம் தின்னீங்க?”

“ஒரே சட்டிதானுங்க. மொதல்ல மாமியாரு தின்னாங்க. அவுங்களுக்கு என்ன, நல்லாத்தான் பேசறாங்க.”

ராசாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அவரு வேட்டியில என்ன பிசுக்கு?”

“பலாப்பாலுங்க. எண்ணெய் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும். தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருக்குது.”

“இப்ப பலா உண்டா?”

“ஒரு பிஞ்சுகூட இல்லீங்க. கேட்டா, மரத்துல மொளகுக்கொடி பாக்கப் போறேம்பாரு. மொளகு பறிக்கறது தையிலதான்.”

ராசாமணி சென்னம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்கதவு திறந்திருந்தது. வெளியே சரிவில் ஒரு பலாமரம், அடர்ந்த இலைகள். அந்த அடர்த்தியின் நடுவே கூடை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அங்கே சிறு கிளைகள் கழிக்கப்பட்டிருந்தன. ஓட்டைக்குப் பின்னால் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கொம்பு, பட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

அவள் தலையைச் சாய்த்து, அந்த ஓட்டையோடு கண்ணை நேராக்கிப் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரம்.

ஊர் கூடியிருந்தது. சென்றாயன் நின்றுகொண்டிருந்தான்.

“விஷமுங்களா, அம்மிணி?” என்று கேட்டார் பட்டக்காரர்.

“இல்லைங்க. காந்தள் உள்ளே போனா வாந்தியும் பேதியும் வரும், முடி கொட்டும். இவருக்கு ஒண்ணும் இல்ல. விஷம் வயித்துக்குள்ள இருந்தா, உக்காந்தா ஒரு நியாயம், நின்னா ஒரு நியாயம்னு பாக்குமா?”

“அப்ப வலி?”

“வலி நெசம். அதக் குடுத்தவரு இவரேதான்.”

கண்ணாயி முணுமுணுத்தாள். பட்டக்காரர் கையமர்த்தினார்.

“நாம உக்கார ரெண்டு எலும்பு இருக்கு. அதுக்கு நடுவுல, உள்பக்கமா ஒரு நரம்பு ஓடுது. குத்த வெச்சா பாரம் பாதத்துல. மெல்லிசான கொம்புல ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காந்தா, மொத்தப் பாரமும் அந்த நரம்பு மேல. நாள் கணக்குல நசுங்கினா அது எரியும். அப்புறம் தரையில உக்காந்தாலும் எரியும். ராசிபுரத்துல சைக்கிள்ல துணி விக்கற ஒருத்தருக்கு இதே வலியப் பாத்திருக்கேன்.” அவள் சென்றாயன் பக்கம் திரும்பினாள். “கொம்புல உக்காந்து மூச்ச அடக்கி, உடம்ப இறுக்கிப் புடிச்சீங்க. இறுகியே கெடந்த சதைக்குத் தளர மறந்துபோச்சு. அதுதான் சுருட்டிப் புடிக்குது. பலாமரத்துல எதுக்கு ஏறினீங்க?”

அவன் வேட்டியை இழுத்துப் பிசுக்கை மறைத்தான்.

“நான் சொல்றேன். கொம்புக்கு முன்னால தழையக் கழிச்சு ஓட்டை வெச்சிருக்கீங்க. அது உங்க அடுக்களைக்கு நேரா இருக்குது. சம்சாரம் ஊர்ல இல்லாத மாசம் பாக்க ஆளில்ல, நீங்களும் ஏறல. வலியும் வரல. சோத்த யாரு ஆக்கினாங்கன்னுதான் எல்லாரும் பாத்தீங்க. அந்த மாசம் நீங்க என்ன செய்யலன்னு யாரும் கேக்கல.”

சென்றாயன் தரையைப் பார்த்தான். ஆடியிலிருந்து அந்தக் கொம்பில் அவன் கண்டதெல்லாம் மாவரைத்த, அடுப்பூதிய, மகளுக்குப் பேன் பார்த்த ஒருத்தியைத்தான். ஒன்றும் தென்படாதபோதெல்லாம், தான் போதுமான நேரம் உட்காரவில்லை என்றே அவனுக்குத் தோன்றியது.

“மொளகு யாவாரி பொங்கியண்ணன் வந்தப்ப இவ சிரிச்சா,” என்றான் கடைசியில்.

“ஆமாங்க, சிரிச்சேன்,” என்றாள் சென்னம்மாள். “அந்தாளு வழுக்கி எருக்குழியில வுழுந்தாரு. அழுகவா சொல்றீங்க?”

கூட்டம் குலுங்கியது. பட்டக்காரரே மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “இவ மேல குத்தமில்ல. சென்னம்மா, ஊட்டுக்குப் போ.”

அவள் நகரவில்லை. “டாக்டரம்மா, அவருக்கு எப்பத் தீரும்?”

“இப்ப முத்திருச்சு. கொம்புல ஏறாம, தினமும் சுடுதண்ணியில இடுப்பு முங்க இருந்து, சதையத் தளர விட்டா, ரெண்டு மூணு மாசத்துல கொறையும்.”

“அப்ப நான் எங்கம்மா ஊட்டுல இருந்துக்கறேனுங்க. பாக்க ஆளில்லாட்டி ஏற மாட்டாரு.”

கண்ணாயி குழந்தையின் பக்கம் கையை நீட்டினாள். “குத்தமத்தவ கூடத்தான் புள்ள போகும்,” என்றார் பட்டக்காரர். நீட்டிய கை திரும்பியது.

சென்னம்மாள் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். காலையிலிருந்து முதன்முறையாக அவள் கண்கள் நிறைந்திருந்ததை ராசாமணி கண்டாள்.

“எப்ப வருவே?” என்று கேட்டான் சென்றாயன்.

“சந்தேகமில்லாம ஒரு வேளை உக்காந்து சோறு தின்னு பாருங்க. அன்னைக்கு ஆள் சொல்லி உடுங்க.”