பதினேழாம் பட்டத்துச் சங்கு

“இந்தப் பூமண்டலத்தில் பெயர் மாறாதவை மூன்றே மூன்று. மேலே சூரியன், நடுவே சந்திரன், கீழே செருவிடைச்சாயான் குலம்.”

இவ்வாறு அறிவித்தவன் நெடுங்கரைப் பாளையத்துக் குதிரைப்படைத் தளபதி, விடங்கச் செருவிடைச்சாயான். அறிவிக்கும்போது அவன் முகத்தில் புன்னகையின் நிழல்கூட இல்லை என்பதை வாசகப் பெருமக்கள் மனத்தில் கொள்ளவேண்டும். மேற்கே பொதிகையின் தோளில் தன் செம்பட்டு உத்தரீயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதிரவன் விடைபெற்றுக்கொண்டிருந்தான். கிழக்கே பனங்கூட்டத்துக்கு மேலே முழுமதி எட்டிப்பார்த்தது. இருவருக்கும் இடைப்பட்ட ஆறோ, எவருடைய நிறத்தை ஏற்பது என்று தீர்மானிக்க முடியாமல், பாதி செம்பும் பாதி வெள்ளியுமாகக் கோட்டைப் படித்துறையைத் தழுவி ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விடங்கன் தொடர்ந்தான். “முன்னோர் பொருநை என்றார்கள். இன்று தாமிரபரணி என்கிறார்கள். நதிக்கே நிலை இல்லை. எங்கள் குலத்தில் நாற்பத்தொரு பட்டங்கள். நாற்பத்தொன்றுக்கும் ஒரே பெயர்.”

படித்துறை மண்டபத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஒருத்தி இசபெல் நாச்சியார். ஸ்காட்லாந்து என்னும் குளிர்மலை நாட்டில் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்து, தோற்று, கப்பலேறி வந்து, நெடுங்கரைக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்த ஹெக்டர் என்பவரின் ஒரே மகள். தாய் முத்துக்குளித்துறைக்காரி. தகப்பனார் மறைந்து இரண்டாண்டுகள் ஆகியும் பாளையத்தின் பீரங்கிகள் அவள் சொல்லுக்கே வெடித்தன. மற்றொருவன் அன்று பிற்பகல்தான் படகில் வந்திறங்கிய ஆங்கஸ் மக்பீ என்ற இளைஞன். செம்பட்டைத் தலை, சட்டம் படித்தவன். எட்டு மாதக் கப்பல் பயணத்தில் ஒரு பாதிரியாரிடம் தமிழ் கற்றிருந்தான். பாதிரியாரோ பேச்சுத் தமிழைத் தமிழாகவே மதிக்காதவர்.

“பெருமாட்டி, அர்டோரன் பிரபுக்களின் வரலாற்றை யான் இன்னும் முடிக்கவில்லை” என்றான் ஆங்கஸ், கையிலிருந்த தோல் சுருளைத் தடவியபடி.

அன்புள்ள வாசகர்களே, அவன் முடிக்கக் காத்திருந்தால் நிலா உச்சிக்கு வந்துவிடும். சுருக்கத்தை நாமே சொல்லிவிடுவோம். முதலாம் அர்டோரன் பிரபு, வேட்டைக்குப் போய்ச் சதுப்பில் புதைந்த அரசனைத் தாடியைப் பிடித்து வெளியே இழுத்ததற்காகப் பட்டம் பெற்றார். இரண்டாமவர் அதே சதுப்பில் விழுந்தார். இழுப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. மூன்றாமவர் தவறான அரசனுக்காகப் போரிட்டுத் தலையையும் பட்டத்தையும் இழந்தார். நான்காமவர் சரியான அரசனுக்காகப் போரிட்டுப் பட்டத்தை மீட்டார். தகப்பனாரின் தலையை மீட்க இயலவில்லை. ஐந்தாமவருக்கு ஏழு பெண்கள், ஆண் மகவு இல்லை. மூத்தவள் ஆறாம் அர்டோரன் ஆனாள். அவளை மணந்தவன் தேவாலய வாசலிலேயே தன் தந்தையின் பெயரைத் துறந்து, மனைவியின் பெயரோடு உள்ளே நுழைந்தான். அந்தக் குடும்பத்தின் சாசனம் அப்படி. பெண்ணுக்குப் பட்டம் வரலாம், ஆனால் அவள் கணவன் அர்டோரன் என்ற பெயரைத் தாங்கவேண்டும். இப்படிப் பெயர் மாறியவர்கள் இதுவரை நால்வர்.

இப்போது பன்னிரண்டாமவர், ஹெக்டரின் அண்ணன் மகன், பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். பட்டம் இசபெலைத் தேடிக்கொண்டு ஏழு கடல் தாண்டி வந்திருக்கிறது.

“பெண் வாரிசு மணமாகாது உரிமை கோரினால்?” என்று கேட்டாள் இசபெல்.

“பட்டம் தங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் டங்கனைச் சேரும். அவர் அப்பள்ளத்தாக்கில் வாழும் முந்நூறு குடும்பங்களை வெளியேற்றிவிட்டு ஆடுகளைக் குடியேற்றத் திட்டமிட்டுள்ளார். மக்களைவிட ஆடுகள் குறைவாகப் பேசும் என்பது அவர் கருத்து. கப்பல் விடியற்காற்றில் புறப்படும். நிலா எழுந்ததும் நாம் படகில் ஏறியாக வேண்டும்.”

விடங்கன் சிரித்தான். “தகப்பன் பெயரை வாசலில் செருப்பைப் போலக் கழற்றிவிட்டு, மனைவியின் பெயரை மாட்டிக்கொண்டு உள்ளே போவதாம். அப்படிப்பட்டவனுக்கு நெடுங்கரையில் குதிரை தரமாட்டோம். கோவேறு கழுதையைக்கூட யோசித்துத்தான் தருவோம்.”

“தங்களை யாரும் கேட்கவில்லையே, தளபதியாரே.”

“பொதுவாகச் சொன்னேன், நாச்சியார்.”

“பொதுவாகச் சொல்கிறவர் என் முகத்தைப் பார்த்து ஏன் சொல்கிறீர்?”

தளபதி அவசரமாக ஆற்றைப் பார்த்தான்.

ஆங்கஸ் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். “பெருமாட்டி, அடியேன் ஒரு விண்ணப்பம் செய்ய விழைகின்றேன். மக்பீ என்னும் பெயரை உலகம் இழப்பதால் உலகிற்கு யாதொரு குறையும் நேராது. எம் தெருவிலேயே பதினொரு மக்பீக்கள் உளர். ஆதலின் வேறு எவரும் முன்வராவிடின், அடியேன் முன்வருவேன்.”

விடங்கனின் வலக்கை தானாக வாளின் பிடிக்குப் போயிற்று. அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லையென்று கண்டு, மீசைக்கு வந்து, அதை ஒருமுறை சரிசெய்துவிட்டுத் திரும்பிற்று.

“ஆவுடையப்பரே” என்று உரக்க அழைத்தான். “நமது வம்சாவளியைச் சொல்லும். பெயர் என்றால் என்னவென்று இந்த வக்கீல் தெரிந்துகொள்ளட்டும்.”

மண்டபத்துத் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த கட்டியக்காரர் ஆவுடையப்பர், வாயைக் கொப்பளித்துவிட்டுச் சங்கும் கையுமாக முன்னே வந்தார். முதற்பட்டம் யானையைக் கட்டியவர், இரண்டாம் பட்டம் யானையை அவிழ்த்தவர் என்று குரல் மதிலில் மோதி எதிரொலித்தது. பதினாறாம் பட்டம் முடிந்ததும் சங்கை எடுத்துக் கன்னம் புடைக்க நீளமாக ஊதினார். ஊதி முடித்துப் பதினெட்டாம் பட்டத்துக்குத் தாவினார்.

“பதினேழாமவரின் திருப்பெயர் மனிதச் செவி தாங்காது” என்று விடங்கன் பெருமிதத்தோடு விளக்கினான். “ஆகவேதான் சங்கு. வேறெந்தக் குலத்திலும் இந்த மரியாதை கிடையாது.”

“சங்கு இல்லாமல் ஒருமுறை சொல்லுமே, ஆவுடையப்பரே” என்றாள் இசபெல்.

“அது வழக்கமில்லம்மா.”

அவள் எட்டிச் சங்கை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “தினமும் பீரங்கிச் சத்தம் கேட்கிற செவி இது. தாங்கும், சொல்லும்.”

கட்டியக்காரர் தளபதியைப் பார்த்தார். தளபதி பெருந்தன்மையோடு தலையசைத்தான். அவனும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

“இருபத்திரெண்டாம் பட்டத்து மகாராசா, அந்த எடத்துல சங்கை ஊதுன்னு சொல்லிட்டாராம், சின்னய்யா. எங்க பாட்டன் பூட்டன் ஊதுனாங்க, நானும் ஊதுதேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பதினேழாம் பட்டம், வேலாயி நாச்சியாரு.”

ஆற்றில் ஒரு கெண்டை துள்ளியது அனைவருக்கும் கேட்டது.

“நாச்சியாரா?” என்றான் விடங்கன்.

“பதினாறாமவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்லய்யா. பொண்ணுதான் பட்டத்துக்கு வந்தா. வீட்டுக்காரரு அக்கரைக்காரரு. கல்யாணத்தன்னைக்கே செருவிடைச்சாயான்னு பேரை மாத்திக்கிட்டாராம். பழைய பேரு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பொறவு முப்பது வருசம் இந்தக் கோட்டைய அவருதான் காத்தாரு.”

“அப்படியானால் நாற்பத்தொரு பட்டங்கள் என்பது…”

“அவரு பேரை விடலேன்னா பதினாறோட நின்னுருக்கும். நீங்களும் கிடையாது, எனக்குச் சோலியும் கிடையாது.”

விடங்கன் மண்டபத்துப் படியில் மெல்ல அமர்ந்தான். நாற்பத்தொரு தலைமுறையும் ஒரேயடியாக அவன் தோளில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது.

இசபெல் எழுந்தாள். “நான் போகிறேன், தளபதியாரே. அந்த முந்நூறு குடும்பங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டுக்காக மனிதரை விரட்டுகிறவன் கையில் என் தகப்பனார் பிறந்த மண்ணை விட்டுவிட்டு, இங்கே பீரங்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. மக்பீ நல்லவர், கேட்ட விதமும் நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்க நினைத்தவர் வேறு ஒருவர். அவர் மூன்று வருடமாக, நாள்தோறும் மூன்று முறை, வெடிமருந்துக் கிடங்கைச் சோதிக்க வருகிறார்.”

“வெடிமருந்தில் ஈரம் சேர்ந்துவிடக்கூடாதே என்று…”

“சித்திரை வெயிலிலுமா?”

அவள் சங்கைக் கட்டியக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படித்துறையில் இறங்கத் தொடங்கினாள். ஆங்கஸ் சுருளோடும் மைக்கூட்டோடும் பின்தொடர்ந்தான். இருபத்துமூன்று படிகள். எதிரியின் பீரங்கி வரிசையை நோக்கிக் கண் இமைக்காமல் குதிரையைச் செலுத்தியிருக்கும் நம் தளபதி, அவள் பன்னிரண்டாம் படியில் கால் வைத்தபோது நான்குமுறை இமைத்தான்.

“பாளையத்துக்கு ஒண்ணும் கொறையில்லய்யா” என்றார் ஆவுடையப்பர், வானத்தைப் பார்த்தபடி. “பட்டத்துல இருக்க ஒங்க அண்ணன் பெரியய்யாவுக்கு அஞ்சு ஆம்பளப் பிள்ளைக.”

பத்தொன்பதாம் படியில் ஆங்கஸின் தோளை ஒரு கை தொட்டது.

“எங்கே எழுதவேண்டும்?” என்றான் விடங்கன்.

தனக்காக ஏற்கெனவே மை தொட்டு வைத்திருந்த இறகை ஆங்கஸ் ஒருகணம் பார்த்தான். பிறகு நற்குடிப்பிறப்புக்கு அழகாக அதை நீட்டினான். “இவ்விடத்தில். எம் நாட்டு வழக்கப்படி, இருவர் சாட்சியாக ஒருவரையொருவர் ஏற்றதாகச் சொன்னாலே மணம் முடிந்ததாம். அடியேன் ஒரு சாட்சி.”

“நான் ஒண்ணு” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

இசபெல் சொன்னாள். விடங்கனும் சொன்னான்; அவன் சொன்னது அவளுக்கும் அருகிலிருந்த ஆங்கஸுக்கும் மட்டுமே சரியாகக் கேட்டது. பின்பு படியில் மண்டியிட்டுச் சுருளை முழங்காலில் விரித்து, போர்க்களத்தில் காட்டாத கவனத்தோடு, இரண்டே சொற்கள் எழுதினான். எழுதியதன்மேல் ஊதி உலர்த்தினான். ஆவுடையப்பர் கட்டியம் கூற வாயைத் திறந்தார். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

நிலவு முழுவதும் எழுந்து ஆறு வெள்ளியாகிவிட்டிருந்தது. துடுப்புகள் நீரைக் கிழிக்கும் ஒலி தவிர வேறொன்றும் இல்லாமல் படகு மதிலோரம் நழுவிப் போயிற்று. கோட்டையின் நீர்வாசலில், குறுக்கே கட்டிய சங்கிலிக்குப் பின்னால், காவலன் ஈட்டியை உயர்த்தினான்.

“படகுல யாரு போறது? பேரைச் சொல்லும்.”

துடுப்புகள் நின்றன. இசபெல் நீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

“அர்டோரன்” என்றது ஒரு தணிந்த குரல்.

“அப்பிடி ஒரு ஆளு நம்ம கோட்டையில இல்லையே?”

“இன்றுதான் வந்தேன்” என்றான் விடங்கன்.