மூன்று வேண்டாம்

யூரோப்பாவில் பொழுது விடிந்ததும் சுவர் கேட்கும்: "இன்று காற்று வேண்டுமா?"

வியாழனைச் சுற்றும் அந்தப் பனிநிலவில் பொழுது விடிவதென்பதே யாரோ விளக்கைப் போடுவதுதான். விளக்கு எரியும், சுவர் கேட்கும், படுக்கையில் புரண்டபடியே ஆள் "வேண்டும்" என்பார். கூரைத் துளைகள் திறந்து அன்றைய காற்று அறைக்குள் இறங்கும். வாய் நிறையப் பற்பசை நுரையோடு "வேண்டும்" என்பவர்கள் உண்டு. சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கணவனும் மனைவியும்கூட அந்த ஒரு நொடி நிறுத்தி, ஆளுக்கொரு "வேண்டும்" சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நமக்குப் பால்காரர் மணியடிப்பது போல. யாருக்கும் அதில் ஓர் ஆச்சரியமும் இல்லை.

சுவர் ஒரு தடவைதான் கேட்கும். அது அந்த ஊர்ச் சட்டம். ஒருசொல் நெறி என்று பெயர்.

காரணம் இருக்கிறது. குடியேறிய முதல் தலைமுறையில் பனிக்கு மேலே போகும் கதவருகே நின்ற காவலாளி, உள்ளே கூடியிருந்தவர்களிடம், "வெளிக்கதவைத் திறக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடியிருந்தவர்கள் பல நாட்டுக்காரர்கள், எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவர் "உங்கள் விருப்பம்" என்றார். ஒருவர் "பார்க்கலாம்" என்றார். இன்னொருவர் வெறுமனே சிரித்து வைத்தார். யாரும் காற்றுடுப்பு போட்டிருக்கவில்லை. காவலாளி சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு நட்ட நினைவுக்கல்லில் பெயர்களுக்குக் கீழே ஒரே வரிதான் இருக்கிறது: 'வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.'

அன்றிலிருந்து கேள்வியும் ஒன்று, பதிலும் ஒன்று. வாயில் வந்ததுதான் மனசில் இருப்பது. ஒருவரிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்பது, 'நீ பொய்யன்' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அடிதடியில் போய் முடியும்.

இந்த ஊருக்குத்தான் கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து நாச்சிமுத்து படிக்கப் போனான்.

கோபிப் பக்கத்து மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாழைத்தோட்டத்தில் மாடு புகுந்தால் "ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கமாப் போறீங்களா" என்பார்கள். திருடனைப் பிடித்துக் கட்டிவைத்தாலும் கயிறு இறுக்குகிறதா என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில், யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் எனச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அவன். காதுக்குப் பின்னால் மொழிச்சில்லு ஒன்றைப் பதித்து அனுப்பியிருந்தார்கள். அது எந்த மொழியின் சொல்லையும் எந்த மொழிக்கும் மாற்றிவிடும். சொல்லுக்குப் பின்னால் இருப்பதை மாற்றும் வசதி அடுத்த தயாரிப்பில் வரும் என்றார்கள்.

முதல் நாள் காலை சுவர் அவனிடம் கேட்டது: "இன்று காற்று வேண்டுமா?"

தூக்கக் கலக்கத்தில் நாச்சிமுத்து, "இருக்கட்டுமுங்க, பரவால்லீங்க" என்றான்.

துளைகள் மூடிக்கொண்டன. அறைத்தோழன் பெக்கோ, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அவனைக் காலைப் பிடித்து நடைகூடத்துக்கு இழுத்து வந்து போட்டான்.

"சாக விருப்பமா? அது உன் உரிமை. நான் பாதியில் எழுப்பிவிட்டேனா?"

"இல்ல மாப்ள," என்றான் நாச்சிமுத்து மூச்சு வாங்கியபடி. "மறுபடி கேக்கும்னு நெனச்சேன்."

"எதற்கு மறுபடி? உனக்குக் காது கேட்காதா? அப்புறம், என் சகோதரியை நீ எப்போது மணந்தாய்?"

நாச்சிமுத்து அன்று முழுக்க நடைகூடத்தில் உட்கார்ந்து பொதுக்காற்றில் பாடம் படித்தான். அங்கே மூச்சு எல்லாருக்கும் இனாம்.

அவன் அவ்வளவு தூரம் போனது ஒரே ஓர் ஆசையோடு. யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. அதன் தரையை எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. ஆண்டிறுதியில் அமிழி என்ற முழுகுகலம் அங்கே இறங்கப்போகிறது. ஓட்டுநருக்கு ஓர் இருக்கை, பேராசிரியருக்கு ஓர் இருக்கை, மாணவர் ஒருவருக்கு ஓர் இருக்கை. பவானி ஆற்றில் முங்கு நீச்சல் போட்ட காலத்திலிருந்தே நாச்சிமுத்துவுக்கு அந்த மூன்றாவது இருக்கைமேல்தான் கண். படிப்பில் முதலிடம் வருபவரிடம் பேராசிரியர் இல்மா கேட்பார். ஒரு தடவை.

முதல் மாதம் அந்த இல்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். பால் வெள்ளையாக நரைத்த தலையும் நெட்டையான உடம்புமாக, கோபம் என்பதையே அறியாத அம்மையார். வீடு முழுக்க வறுத்த காளானும் மிளகும் மணத்தன. மூடியைத் திறந்து, "உனக்குப் போடட்டுமா?" என்றார்.

"வேண்டாமுங்க மேடம், இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்."

"நல்லது" என்று அவர் மூடியை மூடினார்.

பிறகு எதிரே உட்கார்ந்து, நிதானமாக, ரசித்து, இரண்டு பேருக்கு வைத்ததை ஒருவராகச் சாப்பிட்டு முடித்தார். நாச்சிமுத்து இரண்டாவது 'வேண்டாம்' ஒன்றையும், மூன்றாவதாக 'அட, கொஞ்சமாப் போடுங்க போதும்' என்பதையும் நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டபோதுதான் நம்பிக்கை போனது. வாசலில் நின்று, பழக்கத்தில், "சாப்பாடு அருமைங்க" என்றான்.

இல்மா கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சாப்பிடாதவன் சாப்பாட்டைப் புகழ்ந்தது அவருடைய ஆராய்ச்சி மூளையில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே பூமியின் பழைய காட்சிப்பதிவுகளில் கொங்குநாட்டுக் கல்யாண விருந்துகள் அத்தனையும் வரவழைத்துப் பார்க்க ஆரம்பித்தார். இது நாச்சிமுத்துவுக்குத் தெரியாது.

அவன் அன்றைக்கு அறைக்கு வந்து பெக்கோவிடம் தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், உங்க ஊர்ல ஒருத்தனக்கூட வற்புறுத்த மாட்டீங்களாடா?"

"வற்புறுத்துவது குற்றம். ஆயுதம் வைத்துத்தான் செய்வார்கள்."

"எங்க ஊர்ல கரண்டி வச்சுச் செய்வாங்க."

பெக்கோ பயந்தே போனான். ஆனாலும் நல்லவன். நண்பனுக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டான். போகும்போதும் வரும்போதும் எதையாவது நீட்டி "வேண்டுமா?" என்பான், கண் இமைப்பதற்குள் நாச்சிமுத்து "வேணும்" என்று சொல்ல வேண்டும். முதலில் அந்தச் சொல் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது. சொன்னபின் கூச்சத்தில் காது சிவந்தது. போகப்போகப் பழகிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் பெக்கோவின் ஒற்றைக் காலுறை, பாதி கடித்த காளான் வடை, உடைந்த சீப்பு, கடைசியில் பெக்கோவின் சளி உட்பட எல்லாம் நாச்சிமுத்துவிடம் வந்து சேர்ந்திருந்தன. சுவர் கேட்கும் முன்பே "வேணும்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். சுவரே ஒருநாள் சங்கடப்பட்டது.

தேர்வு முடிவு வந்தது. நாச்சிமுத்து முதலிடம், பெக்கோ இரண்டாமிடம்.

இல்மா அவனைத் தனியே அழைத்தார். "நாச்சிமுத்து, அமிழியில் இடம் வேண்டுமா?"

"கண்டிப்பா வேணுங்க மேடம்!"

ஒரு நொடிகூடத் தாமதமில்லை. இல்மா முகம் வாடியது. அவன் தோளில் மெல்லத் தட்டினார். "புரிகிறது. போய் வா" என்றார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பெக்கோவின் பெயர் இருந்தது.

நாச்சிமுத்து ஓடினான். "மேடம், எங்கிட்டத்தானே கேட்டீங்க? நான் வேணும்னுதானே சொன்னேன்?"

இல்மா புன்னகைத்தார். ஓர் அயலானின் நாகரிகத்தைக் கரைத்துக் குடித்த பெருமிதம் அந்தப் புன்னகையில் இருந்தது.

"என்னிடம் ஒளிக்க வேண்டாம். உங்கள் விருந்துகள் அத்தனையும் பார்த்துவிட்டேன். உங்கள் ஊரில் ஒன்று உண்மையாகவே வேண்டும் என்றால் மூன்று தடவை வேண்டாம் என்பீர்கள். அதுவரை கேட்க நான் தயாராக வந்திருந்தேன். உன் பொருட்டுச் சட்டத்தை மீறுவது என்றே முடிவு செய்திருந்தேன். ஆனால் நீ முதல் தடவையே 'கண்டிப்பா' என்றாய். பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் 'கண்டிப்பா வர்றேன்' என்று சொன்னவர்களைக் கல்யாணத்தன்று தேடித்தேடிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை. உனக்கு விருப்பமில்லை. என் மனம் நோகக் கூடாது என்று சம்மதித்தாய். அதனால் விடுவித்தேன்."

"இல்லீங்க மேடம், சத்தியமா வேணுமுங்க!"

"சத்தியம் சேர்த்துச் சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும் என்றும் அதில் பார்த்தேன்" என்றார் இல்மா கனிவாக.

வேண்டாம் என்று இப்போது சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒருவேளை இந்த ஒரு தடவை மட்டும் இங்கத்திய வழக்கப்படி அதை அவர் நம்பிவிட்டால்? "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கலம் புறப்படும் காலை. பனித்துளைக்குள், கறுத்த தண்ணீரில், அமிழி மிதந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து வழியனுப்ப வந்து ஓரமாக நின்றான். கண்கள் வீங்கியிருந்தன. பெக்கோ முழுகுடுப்பின் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நேராக அவனிடம் வந்தான்.

"என் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கலாம். விதியில் இருக்கிறது. பேராசிரியரிடமும் கேட்டுவிட்டேன். நேற்று எனக்கு வேண்டும் என்று இருந்தது. உன் முகத்தைப் பார்த்தபிறகு அவ்வளவாக இல்லை." தலைக்கவசத்தை நீட்டினான். "வேண்டுமா?"

வருஷம் முழுக்கச் சாதகம் செய்த சொல் நெஞ்சுவரை வந்தது. ஆனால் எதிரே நிற்பது சுவரல்ல, பேராசிரியரும் அல்ல. ஒரே அறையில் தூங்கிய சிநேகிதன். தனக்குக் கிடைத்ததை, ஆசையாக உடுத்திக்கொண்டதை, கழற்றி நீட்டுகிறான். அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வதா? நாலு பேர் பார்க்கிறார்கள் வேறு.

"சேச்சே, என்ன மாப்ள நீ! உனக்குக் கெடச்சது. நீ போ மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்றது நாக்கு.

பெக்கோ தலையசைத்தான். "நல்லது" என்றான். கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான்.

நாச்சிமுத்து கையை லேசாக முன்னே நீட்டியபடி நின்றான். ஏணியில் ஒவ்வொரு படியிலும் பெக்கோ திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தான். மூடி சாத்திக்கொண்டது, திருகிக்கொண்டது. குமிழிகள் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தன. அப்புறம் அதுவும் நின்றது.

அன்று மாலை கோபியிலிருந்து அம்மா பாவாயியின் குரல் வந்தது. அவ்வளவு தூரம் என்பதால் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே உலை வைத்துச் சோறு வடித்து, குழம்பும் கூட்டிவிடலாம்.

"ஏங்கண்ணு, அந்தக் கப்பல்ல எடம் கெடச்சுதா? உன்ற சித்தி, பெரியம்மா, பக்கத்து ஊட்டு அக்கா எல்லாரும் வந்து உக்காந்திருக்கறாங்க. சட்டுன்னு சொல்லு சாமி."

நாச்சிமுத்து யோசித்தான். பொய் சொல்ல அந்த ஊர்ச் சட்டம் இடம் தராது. அவனுக்கும் பொய் சொல்லத் தெம்பில்லை. உள்ளதை உள்ளபடி, ஒரே தடவையில் சொன்னான்:

"கெடச்சுதுங்கம்மா. வேணுமான்னு எங்கிட்டக் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு கூட்டும் நேரம் கழித்துப் பதில் வந்தது. முதலில் சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சேர்ந்து விட்ட 'ச்சு' ஒன்று கேட்டது. பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, அம்மா பேசினாள்:

"போச்சாது உடு கண்ணு, மனசுல வச்சுக்காத. உங்கொப்பனும் அப்படித்தான், கலெக்டர் வேலையே தேடி வந்துச்சாமா, வேண்டாம்னு சொல்லிட்டாராமா."