பட்டாணி ஏன் சாப்பிடவில்லை?

பள்ளி விட்டு வந்த லோகப்பிரியா கதவை மெதுவாகத் திறந்தாள். வேகமாகத் திறந்தால் பட்டாணியின் மூக்கில் இடித்துவிடும்.

திறந்த பிறகுதான் நினைவு வந்தது. பட்டாணி இப்போது வீட்டில் இல்லை.

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கும் மையத்திலிருந்து, கைக்குள் அடங்கும் குட்டியாக வந்தவன் அவன். கணபதி பகுதியில் இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். பயிற்சிக்கு வயது வந்துவிட்டது. முந்தாநாள் மையத்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

அப்பா தம்பிதுரையின் போன் அடித்தது. மையத்தின் கால்நடை மருத்துவர் ஹர்ஷிணி பேசினார்.

"பட்டாணி எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறான். பாப்பாவைக் கூட்டிட்டு வர முடியுமா?"

உடனே இருவரும் கிளம்பிப் போனார்கள்.

மையத்து ஆஸ்பத்திரியில், நிறைந்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான் பட்டாணி. லோகப்பிரியாவைக் கண்டதும் ஓடி வந்து காதை நக்கினான்.

"ரத்தம், பல், வயிறு, எல்லாம் பார்த்துட்டோம். ஒரு குறையும் இல்லை. உன்னை நினைச்சுத்தான் ஏங்குறான்போல," என்றார் டாக்டர். "இப்படியே இருந்தா பயிற்சிக்கு அனுப்ப முடியாது. உங்க வீட்டுக்கே அனுப்ப வேண்டியதுதான்."

வீட்டுக்கே! லோகப்பிரியா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் சென்னைக்காரர். தட்டை நகர்த்தி, "சாப்பிடு பட்டாணி, சாப்பிடு!" என்றார்.

பட்டாணியின் வாயில் எச்சில் ஒழுகியது. ஆனாலும் தட்டைத் தொடவில்லை. லோகப்பிரியாவையே பார்த்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பட்டாணி மறுபடியும் அவள் கட்டிலுக்கு அடியில் தூங்குவான்.

பட்டாணியின் வயிறு 'குர்ர்' என்றது.

"ஏனுங்க டாக்டர்," என்றாள் லோகப்பிரியா. "சொன்னாத்தானுங்க சாப்பிடுவான். அப்படித்தான் பழக்கியிருக்கோம். ஆனா நாங்க 'சாப்பிடு'ன்னு சொல்ல மாட்டோமுங்க."

"பின்னே?"

"'சாப்புடுங்க சாமி'ன்னு சொல்லோணுங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ நீயே சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேனுங்களே."

டாக்டர் குனிந்தார். "சாப்புடுங்க சாமி."

பட்டாணி ஒருமுறை லோகப்பிரியாவைப் பார்த்தான். பிறகு தட்டுக்குள் முகத்தைப் புதைத்தான். அவள் வாசலைத் தாண்டியபோதும் தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

"அழுகறயா கண்ணு?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "ஆனா, இனி அவன்கூட நடக்கப்போறது யாரா இருந்தாலும், மரியாதையாத்தான் பேசோணும்!"