பின்னால் நடந்த பத்து அடி

கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்த பிறகுதான் அவள் கால் நின்றது...

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த மாலை. பிசியோதெரபி கல்லூரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற கடைத்தெரு. அவளும் தோழியும் தினமும் ஆடுகிற ஆட்டம்தான் அது. முன்னால் போகிறவரின் நடையைப் பார்த்து, எந்தத் தசைக்கு பலம் குறைவு என்று சொல்ல வேண்டும். நடை பிடிபடவில்லை என்றால் அதே மாதிரி நடந்து பார், உன் உடம்பே சொல்லிவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு முன்னால் போனவன் கறுப்புக் குடை பிடித்த ஓர் இளைஞன். ஒவ்வோர் இடது அடிக்கும் அவன் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து எழுந்தது.

"சொல்லு பாப்போம்" என்றாள் தோழி.

இறுதியாண்டுக்காரி, கெட்டிக்காரி, சும்மா வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் சீட்டு கிடைக்காமல் இந்தப் படிப்புக்கு வந்தவள் அவள். "கால் அமுக்குற படிப்புக்கு நாலு வருஷமா?" என்று அத்தை வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, தன் கண் எவ்வளவு கூர்மை என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு ஏறிப்போயிருந்தது. குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் பின்னாலேயே, அவனைப் போலவே நடந்தாள். இடுப்பைச் சாய்த்து, தோளைச் சாய்த்து... தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

பூட்டிய கடை ஒன்றின் கண்ணாடியில் அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

திரும்பினான். இமையில் மழைத்துளி நின்ற பெரிய, நிதானமான கண்கள்... அவற்றில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. பழகிப்போன களைப்புதான் இருந்தது.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் சாயணும்" என்றான் மெதுவாக. "அப்பதான் சரியா வரும்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நினைத்தாள். பூமிக்கு வேறு வேலை இருந்தது. பஸ் வந்தது, ஏறினாள், வீடு போய்ச் சேரும்வரை காது மடல் சுட்டது. ஒரு சாரி சொல்லக்கூடவா உனக்கு வாய் இல்லை, மரமே... என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

மறு வாரம் மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. பிசியோதெரபி பிரிவுக்குத் தலைவியான மேடம் ஒரு நோயாளியின் கார்டை நீட்டினார்.

"இடுப்பு மூட்டுக்கிட்ட எலும்பு முறிவு, இடது பக்கம். ஆபரேஷன் ஆகி நாலு மாசம். டெய்லர், நாள் முழுக்க நின்னு துணி வெட்டணும். ஆறு வாரம் ஒழுங்கா பயிற்சி பண்ணா நடை நேராயிடும். விட்டா, சாய்வு அப்படியே தங்கிடும். இவர் உன் பொறுப்பு."

கார்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அதே கண்கள்...

அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருக்களித்துப் படுத்து, சொன்னபடி காலைத் தூக்கினான், இறக்கினான். கோணம் அளக்கிற கருவியை அவன் இடுப்பருகே வைத்து அவள் இரண்டு முறை அளந்தாள், இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது.

"எண் மாறுதே" என்றான்.

"கருவி... பழசு."

"அன்னிக்கே அளந்து முடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு பிடித்துத் தள்ளியது. பக்கத்துக் கட்டிலருகே மேடம் நின்றிருந்தார். "இன்னிக்குப் பன்னண்டு தடவை. நாளைக்குப் பதினஞ்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

மூன்று முறை வராதவரின் கார்டில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பி மேடத்திடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். பேனாவைத் திறந்து உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. 'பயிற்சி மாணவி' என்று எழுதிக் கொடுத்தாள்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். பாடத்துக்காக அவனைப் போல நடந்து பார்த்ததாகவும் அதை அவன் பார்த்துவிட்டதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வராதவங்களுக்கு போன் பண்றது நம்ம வேலை" என்றார் மேடம், கார்டைத் திருப்பித் தந்தபடி. "இதுக்கு போன் பத்தாது."

கார்டில் முகவரி போட்டிருந்த அவன் தையல் கடை மாடியில் இருந்தது. பதினாறு படி. இடது காலை எந்தப் படியில் எப்படி வைத்து ஏறுவான் என்று நினைத்து நினைத்து ஏறியதில், மேலே போய்ச் சேரும்போது அவளுக்கே மூச்சு வாங்கியது. நீளமான வெட்டு மேசையில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி அவன் வெட்டிக்கொண்டிருந்தான். மூலையில் அவன் அக்கா சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

நாங்க படிக்கிறதே அப்படித்தாங்க, கிண்டல் இல்ல... என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சேர்த்தே எடுத்தாள்.

"பத்து அடி நடந்தேன்" என்றாள். "முதல் நாலு அடி பாடம். அப்புறம் என் ஃப்ரெண்ட் சிரிச்சா... மீதி ஆறு அடி அந்தச் சிரிப்புக்காக நடந்தேன். மேடம்கிட்டகூட பாடம்னுதான் சொன்னேன். கேவலமா இருக்கு. என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா வேற ஆள் தருவாங்க... ஆனா வந்துடுங்க. விட்டீங்கன்னா நடை இப்படியே தங்கிடும்."

கத்தரி நின்றது. அக்காதான் முதலில் பேசினாள்.

"இதுதானா அந்த மழைப் பொண்ணு?"

"அக்கா, ஒரு டீ வாங்கிட்டு வாயேன்."

"எனக்கு வேணாம்."

"எனக்கு வேணும்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவன் மேல்தட்டிலிருந்து உறை போட்ட சாம்பல் நிறச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"முதுகு கூன் விழுந்த ஒருத்தருக்குத் தைச்சது. அளவு எடுத்துட்டு, அவர் பின்னால நின்னு அதே மாதிரி வளைஞ்சு காமிச்சேன். அக்காவச் சிரிக்க வைக்க. எதிர்ல ஆளுயரக் கண்ணாடி இருக்கறத மறந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சட்டை வாங்கவே வரல. மூணு வருஷம் ஆச்சு. வீடு தெரியும், போகல. நீங்க பத்து நாள்ல வந்துட்டீங்க."

"அப்போ... நீங்க வராம இருந்தது என்மேல கோபத்துல இல்லையா?"

அவன் கத்தரியைத் திறந்தான், மூடினான்.

"அன்னிக்குத் திரும்பினப்ப முதல்ல உங்க கண்ணத்தான் பாத்தேன். அந்தக் கண்ணு முன்னாடி தினமும் நொண்டிக் காட்ட மனசு வரல."

வெட்கத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் சுடுவது காது மடல்தான்.

"கார்டு முடியறவரைக்கும் நான் உங்க தெரபிஸ்ட்" என்றாள் கஷ்டப்பட்டு. "வேற எதுவும் பேசக் கூடாது. நாளைக்கு நாலு மணி. பதினஞ்சு தடவை."

"சரி. நீங்களும் அந்தப் பையை இடது தோளுக்கு மாத்துங்க. வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு... முதல் நாளே பாத்தேன்."

வந்தான். ஆறு வாரமும் வந்தான். முப்பது தடவை தூக்கினான், கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்றான், விழப்போனான், சிரித்தான். விட்டுப்போன ஆறு அடியையும் அவள் மேடத்திடம் சொல்லிவிட்டாள். பரீட்சை முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வா என்று மேடம் சொன்னபோது, தகுதி இருக்கிறதா என்று பயந்தபடியே தலையாட்டினாள். ஒருநாள் அவன் அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

"போட்டுப் பாத்தாரா?"

"பாத்தார். முதுகு கச்சிதமாம். காலர்தான் கொஞ்சம் பெருசாம்."

கடைசி நாள் கார்டில் மேடம் கையெழுத்துப் போட்டார். வெளியே அதே தூறல், அதே கடைத்தெரு. பழக்கதோஷம், அவள் இரண்டடி பின்னால் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடை நேராகியிருந்தது. களைத்தால் மட்டும் இடப்பக்கம் துளி சாய்வு... அந்தப் பூட்டிய கடையின் கண்ணாடி முன்னால் அவன் நின்றான். அவளுக்குப் பழைய சூடு காதுக்கு ஏறியது.

"கார்டு முடிஞ்சிடுச்சுல்ல?" என்றான் கண்ணாடியைப் பார்த்தே.

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப இன்னும் எதுக்குப் பின்னால வர்றீங்க?"

"பிடிச்சிருக்கு..." என்றாள் அவளும் கண்ணாடியைப் பார்த்தே. "நடையை இல்ல. நடக்கற ஆளை."

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி.

"எனக்கு அன்னிக்கே பிடிச்சுது. அதனாலதான் அவ்வளவு வலிச்சுது" என்றான். "பின்னால வராத. பக்கத்துல வா."

அவள் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவனுடைய இடப்பக்கம் போய் நின்றாள். களைத்தால் அவன் சாய்கிற பக்கம் அதுதான்.