அம்மா கதவைத் திறக்கும் சத்தம்

மதகடிக்கு வரும்போதே பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ரிசர்வில் போட்டு உதைத்துப் பார்த்தாள் அருள்செல்வி; வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. அங்கிருந்து வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர், வாய்க்கால் கரை மண் ரோடு, கார்த்திகை மழையில் குழைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிய சம்பா வயல், இருட்டத் தொடங்கியிருந்த வானம், தவளைச் சத்தம், சக்கரம் சேற்றிலிருந்து பிய்ந்து வரும் ஓசை, தன் மூச்சு, இவற்றைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்தத் தூரம் முழுவதையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து வந்து நிமிர்ந்தாள்.

கேட் திறந்திருந்தது.

அம்மா வாசற்படியில் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி, வந்து அஞ்சு நிமிசமாச்சு. மழையில கேட்டுலயே நின்னா என்ன அர்த்தம்?"

"எப்படிம்மா தொறந்த? நான் வண்டியத் தள்ளிக்கிட்டுல்ல வர்றேன்."

"போடி. தெருவே அதிர்ற மாரி வந்து நின்னுட்டு, தள்ளிக்கிட்டு வந்தாளாம்."

செல்வி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். ஈரக் காற்றில் சத்தம் தூரம் போகும், தேங்கிய தண்ணீரில் பட்டுத் திரும்பும், மெயின் ரோட்டில் போன வேறு ஏதாவது வண்டியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கேட்டை இரண்டு முறை பூட்டினாள்.

அம்மா ஃபிளோராவுக்குக் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், ஆள் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் "அம்மா" என்று எவனோ கதவைத் தட்டினான். தெரிந்த பிள்ளை என்று நினைத்துத் திறந்தாள். குடித்திருந்தவன் அவளைத் தள்ளிவிட்டு ஒரு காதின் தோட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். மடல் கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. அவனைப் பிடிக்கப் போகாத ஊர், பேச மட்டும் வந்தது: கண் தெரியாதவளைத் தனியே போட்டுவிட்டு ஒரு பெண் வேலைக்குப் போக வேண்டுமா என்று. அந்த வீட்டில் முதல் பட்டதாரி செல்விதான். அப்பா போய் ஏழு வருடம். வேலைக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு இன்சுலினை இந்த ஊரா போடும்?

கும்பகோணத்தில் மூன்று இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி, தானே டிரில் போட்டு மாட்டினாள். ஜன்னலுக்குக் கனத்த கம்பி வைத்தாள். பிறகு அம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள்: "யாரு கூப்ட்டாலும் தொறக்காத. என் குரல்ல கூப்ட்டாக்கூடத் தொறக்காத. குரல யாரு வேணா மாத்திப் பேசுவான். நம்ம வண்டி சத்தம் கேட்டா மட்டும் தொற."

ஆனால் அப்பா விட்டுப்போன வண்டி பழைய நூறு சிசி. ஊரில் பாதிப் பேரிடம் அதே வண்டி. பால்காரருக்கு ஒரு முறை, உரக்கடை ஆளுக்கு ஒரு முறை அம்மா தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். அதனால்தான் செல்வி சைலன்ஸரை மாற்றப் போனாள்.

குடவாசலில் பட்டறை வைத்திருந்த தௌபீக் அவளோடு பத்தாவது வரை படித்தவன். கேட்டதும் சிரித்தான்.

"மீசை மொளைக்காத பயலுங்கதான் சத்தம் வேணும்னு வந்து நிப்பானுங்க. இன்ஜினியரம்மாவுக்கு என்ன கேடு?"

"எங்கம்மாவுக்குக் கேக்கணும்டா. எந்த வண்டியோடயும் ஒட்டாத சத்தமா இருக்கணும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பரணில் ஏறித் துழாவி ஒன்றை இறக்கினான். பெயர் எதுவும் பொறிக்காத கறுத்த இரும்புக் குழாய். யாரோ கையால் தட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்தது. "இத மாரி இன்னொண்ணு கெடையாது" என்றான்.

"நான் மாட்டிவிடறேன், சாவியக் குடு" என்று ஸ்பேனரை எடுத்தான்.

"ஸ்பேனரக் கீழ வைடா" என்றாள். கும்பகோணம் ஷோரூமில் அவள் வேலை டிராக்டர் வாங்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வது. நான்கு வருடம் படித்த கைக்கு ஒரு நட்டு கூடத் தரமாட்டார்கள். அந்தக் கோபம் முழுவதையும் துருவேறிய பழைய நட்டுகளின் மேல் காட்டினாள். டீசல் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினாள். புது கேஸ்கட் வைத்து, கிளாம்பை இறுக்கி, உதைத்தாள். விடலைகளின் வண்டி போலக் காதைக் கிழிக்கவில்லை. கனமான, தாழ்ந்த அடி. நான்கு அடிக்கு ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடிப்பது போல ஒரு இடைவெளி. அன்று சாயங்காலம் தட்டாமலே மூன்று தாழ்ப்பாளும் விலகின. அம்மா பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். "இது நீதான்" என்றாள்.

பெட்ரோல் தீர்ந்த நாள் அதற்கு ஆறாவது நாள்.

ஏழாவது நாள் கதவு தாழ் போடாமல் கிடந்தது. செல்வி உள்ளே நுழைந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "மறுபடி எங்கடி சுத்திட்டு வர்ற? ஆறு மணிக்கே வந்து கொல்லப்பக்கம் போனியே. கால் கழுவுன சத்தம் கேட்டுச்சு."

ஆறு மணிக்குச் செல்வி கும்பகோணம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தாள். கொல்லையில் போய்ப் பார்த்தாள். வாழைக்கன்றுகளுக்கு நடுவே சேறு. துணி துவைக்கும் கல் ஈரமாக இருந்தது. மழைநாளில் எது ஈரமாக இருக்காது? அன்றிரவு அம்மாவின் கட்டிலை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்தாள்.

எட்டாவது நாள் டீ டம்ளர் இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"யாரும்மா வந்தா?"

"யாரு வருவா? நீதான் குடிச்ச." அம்மா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வந்ததுலேர்ந்து பேசவே மாட்டேங்கிற. பக்கத்துல உக்காந்து என் காதையே தடவிக்கிட்டு இருந்த. கை ஏன்டி அப்படிச் சில்லுன்னு இருக்கு? காய்ச்சலா?"

செல்வியின் கை தானாக இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தது. சூடாகத்தான் இருந்தது. அம்மாவின் கிழிந்த மடலில், தையல் காய்ந்த இடத்தில், கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மாவின் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். வாய்க்கால் அடிமண்ணின் வாடை.

"இனிமே சத்தத்துக்கும் தொறக்காதம்மா."

"பின்ன எதுக்குத்தான் தொறக்கறது?" என்றாள் அம்மா.

செல்வி எழுந்துபோய் மூன்று தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

மறுநாள் லீவு சொன்னாள். அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தால்தான் தீரும். இரண்டு மணிக்குப் பக்கத்துக் களத்துமேட்டு வீட்டு செந்தாமரை அக்காவைக் கூட்டிவந்து அம்மாவோடு உட்காரவைத்தாள். "நான் வர்ற வரைக்கும் நகரக்கூடாதுக்கா" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். "போய்ட்டு வா புள்ள, உங்கம்மாவ நான் என்ன தூக்கிக்கிட்டா போயிடப் போறேன்" என்றாள் அக்கா.

பட்டறையில் கரண்ட் இல்லை. மாட்டி ஒன்பதே நாளான நட்டுகள் ஒன்பது வருடத் துருவைப் போல இறுகியிருந்தன. ஒரு போல்ட் தலை முறிந்தது. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகக் கழன்று, குழாய் தரையில் விழுந்து, உருண்டு, அவள் காலருகே நின்றபோது ஐந்தேகால். தௌபீக் வேறொரு வண்டியின் கம்பெனி சைலன்ஸரை எடுத்து மாட்டினான். உதைத்துப் பார்த்தாள். பூனை உறுமுவது போல மெல்லிய சத்தம்.

"இந்தக் கறுப்புக் கொழா எங்கேர்ந்துடா வந்துச்சு?"

அவன் நிமிரவில்லை. "திருப்பனந்தாள் பக்கம் காயலான் கடையில எடுத்தது."

"எந்த வண்டியோடது?"

"ஒரு பொண்ணு ஓட்டுன வண்டியாம். தண்ணி தொறந்துவிட்ட நேரத்துல ஆத்துக்குள்ள எறங்கிடுச்சு." ஸ்பேனரை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். "வண்டி கெடச்சுது."

"பொண்ணு?"

"வண்டி கெடச்சுது செல்வி. அவ்ளோதான் சொன்னாங்க."

அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். நான்காவது மணியில் எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணும் இல்லியே?"

"ஏன்டி, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எதுக்குப் போன் அடிக்கிற?"

அம்மாவின் குரலுக்குப் பின்னால் அது கேட்டது. கனமாக. தாழ்வாக. நான்கு அடி. இடைவெளி. நான்கு அடி. இடைவெளி. செல்வி குனிந்து தன் காலருகே கிடந்த குழாயைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"அம்மா, அது நான் இல்ல. தாப்பாளத் தொறந்துக்கிட்டு வெளிய வா. செந்தாமரை அக்காகிட்ட போனக் குடு."

"அவதான் அப்பவே போயிட்டாளே…" போன் எங்கோ வைக்கப்பட்டது. வைத்தது அம்மா இல்லை. அம்மா எதையும் தடவித் தடவித்தான் வைப்பாள். இது பட்டென்று அணைந்தது.

செந்தாமரையை அழைத்தாள். ஆடுகள் கத்துவதற்கு நடுவே அக்காவின் குரல். "நீதான் வந்துட்டியே புள்ள. வண்டி சத்தம் வாசல்ல கேட்டுச்சு, உங்கம்மாதான் எந்திரிச்சுப் போயித் தொறந்துச்சு. ஆடு நனையுதேன்னு நான் கொல்ல வழியா ஓடியாந்துட்டேன். ஏன், என்ன?"

"என்னப் பாத்தீங்களாக்கா?"

"சத்தம் கேட்டுச்சுடி."

"பாத்தீங்களா?"

"நான் கொல்லப்பக்கமா…" என்று அக்கா இழுப்பதற்குள் செல்வி போனை வெட்டிவிட்டு வண்டியை உதைத்தாள்.

தௌபீக் "இரு, நானும் வர்றேன்" என்றது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான்கு கிலோமீட்டர். மழை கண்ணில் குத்தியது. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் தண்ணீராகக் கிடந்தது. பாதி வழியில்தான் அவளுக்குப் புரிந்தது. அவளுக்கென்று இருந்த ஒரே அடையாளத்தை அவளே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இப்போது அந்தச் சத்தம் ஒருத்திக்குத்தான் சொந்தம்.

கேட் பூட்டியிருந்தது. ஏறிக் குதித்தாள். முழங்கால் கிழிந்தது. வாசலில் எந்த வண்டியும் இல்லை. சத்தம் மட்டும் வீட்டைச் சுற்றி நின்றது.

"அம்மா! நான்தாம்மா! செல்விம்மா!"

உள்ளே காலடி. நின்றது.

"யாரு அது?"

"நான்தாம்மா. தொற."

"எம்பொண்ணு வீட்டுக்குள்ள இருக்கா." அம்மாவின் குரல் நடுங்கியது. "கொரலுக்குத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிருக்கா. போயிடு."

தோளால் மோதினாள். கதவு அசையவில்லை. எந்தக் கதவும் அசையாதபடி மூன்று தாழ்ப்பாளையும் அத்தனை ஆழமாக இறக்கியவள் அவள்தான். கொல்லைக் கதவுக்கு ஓடினாள்; அதுவும் உள்ளே தாழிட்டிருந்தது. திரும்பி வந்து கல்லை எடுத்து அடித்தாள். கத்தினாள். அவள் கத்தக் கத்தச் சத்தம் உயர்ந்தது. தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை. களத்துமேட்டுக்கு எது கேட்கும்? வண்டி வந்திருக்கிறது என்றுதான் கேட்கும்.

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்து முகத்தை அழுத்தினாள்.

உள்ளே லைட் எரிந்தது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, செல்வியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீளமான முடி. அம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். செல்வி சின்னப் பிள்ளையாக மழையில் நனைந்து வந்தால் துவட்டுவது போல. உச்சி. பின்னங்கழுத்து. பக்கவாட்டு. பிறகு முகத்தைத் துடைக்கத் துண்டை முன்னால் கொண்டுபோனாள்.

கை நின்றது.

துண்டு நழுவியது. வெறும் விரல்கள் நெற்றியிலிருந்து மெல்லக் கீழே இறங்கின. தேடின. மறுபடி நெற்றிக்குப் போயின. மறுபடி இறங்கின. தேடின.

அம்மாவின் வாய் திறந்தது. கண் தெரியாத முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. நேராக. செல்வி நிற்கும் இடத்துக்கு.

"செல்வி" என்று உதடு அசைந்தது.

அம்மா எழப் பார்த்தாள். கீழேயிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய கைகள். அவை அம்மாவின் மணிக்கட்டுகளை மெதுவாகப் பற்றின. மெதுவாகத் தூக்கின. அந்த ஈர முடியின் மேல் திரும்ப வைத்தன.

செல்வி கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே, அழுதுகொண்டே, அம்மா துவட்டத் தொடங்கினாள்.